ஓட்டு யாருக்கு? திறமூலத் திட்டம் தொடங்குகிறவர்களுக்கு வாக்காளர் பட்டியல் போடும் வழி

எங்கள் ஊர் காரிமங்கலம் பக்கம். காலை ஐந்தரைக்கே பால் சங்கத்தில் வரிசை நின்றுவிடும். தூக்குவாளியில் இரண்டு லிட்டர் கொண்டுவரும் பாட்டியும் அதில் நிற்பார், மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன் கட்டி நாற்பது லிட்டர் கொண்டுவருகிறவரும் நிற்பார். பணம் அளவுக்கும் ஃபேட்டுக்கும் தக்கபடி கிடைக்கும். சங்கத் தேர்தல் என்று வந்தால் மட்டும் ஆளுக்கு ஒரே ஓட்டு. கூட்டுறவில் அதுதான் விதி. இதை எதிர்த்து யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மாட்டை விற்று மூன்று வருடம் ஆனவர் பாஸ்புக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டுப் போட வந்து நிற்பார் பாருங்கள், சண்டை அப்போதுதான் தொடங்கும்.

நிரலை எல்லாரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய திறமூல மென்பொருளிலும் சண்டை இதே இடத்தில்தான் வருகிறது. எண்ணிக்கையில் தகராறு வருவது அபூர்வம். பட்டியலில் யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்பதில்தான் எல்லாம். புதிதாக ஒரு திட்டம் தொடங்கி, நான்கு பேர் சேர்ந்து, "இனி எல்லாரும் கலந்து முடிவெடுப்போம்" என்று நினைக்கிற கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சில பேர் சேர்ந்து பால் சங்கங்களுக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதி வருகிறோம். காலையில் ஊற்றிய பாலுக்குத் தமிழில் சீட்டு அடிக்கும், பட்டுவாடாப் பட்டியல் போடும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஓசூரில் இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். ஒருவர் பாலக்கோட்டுக்காரர். அப்புறம் அஞ்செட்டிப் பக்கம் மலையில் ஒரு சங்கச் செயலாளர். அவருக்கு ஒரு வரி கோடு, அதாவது நிரல், எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் மென்பொருளில் இருந்த பிழைகளில் பாதியைப் பிடித்தது அவர்தான். வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார்: "தம்பி, சாயங்காலப் பாலைக் கொண்டுபோய்க் காலைக் கணக்குல சேர்த்துட்டுது பாரு."

ஒரு அக்டோபரில் ஒரு கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஹேக்டோபர்ஃபெஸ்ட் நேரம், அதாவது திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பச் சொல்லி ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வு. ஆளுக்கு ஒன்றிரண்டு புல் ரிக்வஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை), பெரும்பாலும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்தம். நல்ல பிள்ளைகள், ஆர்வமாகத்தான் வந்தார்கள். அதே நேரத்தில் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: மென்பொருளைக் கணினியில் நிறுவுவதை நிறுத்திவிட்டு, முழுக்க இணையத்தில் இயங்குவதாக மாற்றிவிடலாமா? ஜனநாயகமாகச் செய்வோம் என்று, ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியம்) ஒரு கமிட்டாவது (அதில் பதிவான மாற்றம்) உள்ளவர் எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்று அறிவித்தோம். அந்த விதியை எழுதியதே அன்று சாயங்காலம்தான். பத்தொன்பது ஓட்டு விழுந்தது. பதினைந்துக்கு நான்கு என்று இணையம் ஜெயித்தது.

ஜனவரிக்குப் பிறகு அந்த மாணவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பரீட்சை, வேலைத் தேடல், அது இயல்புதான். மலையில் செயலாளருடைய சங்கத்தில் சிக்னல் வர வேண்டுமானால் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். காலை வரிசையில் சீட்டு அடிக்கவில்லை. மனிதர் பழையபடி நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டார். மறுபடி பழைய முறைக்குத் திருப்ப எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அவர் கோபப்படவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கலியே தம்பி" என்று மட்டும் சொன்னார். கேட்டிருக்க முடியாது. எங்கள் விதிப்படி அவருக்கு ஓட்டே இல்லை, ஏனென்றால் அவர் பேரில் ஒரு கமிட்கூட இல்லை.

இனி வழிமுறைக்கு வருவோம்.

1. எதற்கெல்லாம் ஓட்டு வேண்டாம் என்று முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் ஓட்டு வைத்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போவார்கள். பிழை திருத்தம், பெயர் மாற்றம், சோதனை சேர்ப்பது போன்றவற்றை அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் முடிவு செய்யட்டும். கொஞ்சம் பெரிய விஷயமென்றால் "இப்படிச் செய்யப்போகிறேன், மூன்று நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் செய்துவிடுவேன்" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தால் போதும். அப்பாச்சி என்ற அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்களில் பல காலமாக இதுதான் நடைமுறை. முறையான ஓட்டுக்குக்கூட அங்கே குறைந்தது 72 மணி நேரம் கொடுப்பார்கள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஒருமுறை தூங்கி எழுந்து பார்க்க நேரம் இருக்க வேண்டுமே.

ஓட்டுக்கு நான் விடுவது ஐந்து விஷயங்கள்தான்: ஆள் சேர்ப்பது அல்லது நீக்குவது, பணம், உரிமம், இந்த விதிகளையே மாற்றுவது, பயன்படுத்துகிறவரின் அன்றாட வேலை நின்றுபோகக்கூடிய மாற்றம். ஐந்தாவதை நாங்கள் பட்ட பிறகுதான் சேர்த்தோம்.

2. எது வேலை என்று தீர்மானியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள், ஒரே இரவில் முடிக்காதீர்கள்.

எண்ணிக்கை வைப்பது சுலபம். பெரிய திட்டங்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டத்தின் வழிநடத்தும் குழுத் தேர்தலில் ஓட்டுப் போட, கடந்த 12 மாதங்களில் 50 பங்களிப்பு இருக்க வேண்டும். அதோடு ஒரு சன்னலையும் திறந்து வைத்திருக்கிறார்கள்: எண்ணிக்கையில் வராத வேலை செய்தவர், விதிவிலக்குப் படிவம் நிரப்பிக் கேட்கலாம். எல்லாரும் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் அறக்கட்டளையில், ஆண்டில் 42 நாட்கள் வரைபடத்தில் திருத்தம் செய்தவருக்குக் கட்டணமில்லாமலே உறுப்பினர் உரிமை கிடைக்கும். நாள் கணக்கு என்பது எனக்குப் பிடித்த அளவுகோல். ஒரே ராத்திரியில் ஐம்பது திருத்தம் போட்டுவிடலாம், ஒரே ராத்திரியில் நாற்பத்திரண்டு நாளாக முடியாது. பால் சங்கத்திலும் ஒருநாள் நாலு கேன் ஊற்றிவிட்டுப் போனவரைவிட வருடம் முழுக்க இரண்டு லிட்டர் ஊற்றியவரைத்தான் சங்கத்து ஆள் என்பார்கள்.

ஆனால் எதை எண்ணுகிறோம்? லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுத் தேர்தலில் வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். மூன்று கமிட்டில் பேர் இருந்தால் போதும். அந்தப் பேர் எழுதியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிழையைச் சொன்னவர், சோதித்துப் பார்த்தவர், சரிபார்த்தவர் என்று கமிட்டின் அடியில் குறிக்கப்பட்டிருந்தாலும் கணக்கில் வரும். எங்கள் செயலாளர் மாதிரி ஆட்களுக்கு வழி இதுதான். இப்போது அவர் குரல் பதிவில் சொன்ன பிழையைத் திருத்தும் ஒவ்வொரு கமிட்டிலும் "பிழை சொன்னவர்" என்று ஒரு வரி சேர்த்து அவர் பேரைப் போடுகிறோம். செலவில்லாத வேலை. முதல் நாளிலிருந்தே இதைப் பழக்கமாக்கிக்கொண்டால், பட்டியல் போடும் நாளில் யார் என்ன செய்தார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியன் இதே இடத்தில் ஒருமுறை தடுமாறித் தேறியது. 1993இல் தொடங்கிய திட்டம், 1998இலிருந்து எழுதப்பட்ட அரசமைப்பே வைத்திருக்கிறது. வெகுகாலம் அங்கே முழு உறுப்பினர் ஆவதற்கான பாதை, மென்பொருள் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய தொகுப்பு) தயாரிக்கிறவரை மனதில் வைத்தே இருந்தது. மொழிபெயர்த்தவர், ஆவணம் எழுதியவர் எல்லாம் ஓரத்தில் நின்றார்கள். 2010இல் பொது ஓட்டெடுப்பு நடத்தி, பொதி தயாரிக்காதவர்களையும் ஓட்டுரிமையோடு உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது: அவர்களுக்கு ஓட்டு உண்டு, பொதியைக் களஞ்சியத்தில் ஏற்றும் சாவி கிடையாது. ஓட்டு வேறு, சாவி வேறு. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள். கோடு தெரியாதவருக்கு ஓட்டுக் கொடுத்தால் ரெப்போ பாழாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு ஆபத்து உண்டு. எண்ணை அறிவித்தவுடன் எண்ணுக்காகவே வேலை செய்ய ஆள் வந்துவிடும். 2020 ஹேக்டோபர்ஃபெஸ்டில் பரிசாகக் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காக உலகமெங்கும் ரெப்போக்களில் குப்பைத் திருத்தங்கள் வந்து குவிந்தன. அந்த மாதத்திலேயே விதியை மாற்றி, பங்கேற்கச் சம்மதம் சொன்ன ரெப்போக்களில் வரும் திருத்தங்கள் மட்டுமே கணக்கு என்று ஆக்கினார்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கே இப்படியென்றால் ஓட்டுக்கு? அதனால் எண்ணிக்கையை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே விடுவதை மனிதர்கள் செய்யட்டும்.

3. பட்டியலில் பேர் சேர்ப்பது யார்?

சிறிய திட்டத்துக்கு நான் சொல்வது: ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவாரம் அவகாசம், வந்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. இது பைத்தான் என்ற நிரல்மொழித் திட்டத்தில் உள்ள வழி. 2018 ஜூலையில் அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது, அதுவரை ஒரே ஆள் கடைசி வார்த்தை சொல்லிவந்த திட்டம் திடீரென்று விதி எழுத வேண்டிய நிலைக்கு வந்தது. பல முன்மொழிவுகளைப் போட்டுப் பார்த்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் குழு 2019இல் வந்தது. அங்கே புதிதாக ஒருவரை மையக் குழுவில் சேர்க்க, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

இதில் அவசரம் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் (XZ) என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரலில் திருட்டுத்தனமாக நுழையக் கள்ளக் கதவு வைக்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டதே, அதை வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். நடுவில் வேறு சில முன்பின் தெரியாத பேர்கள் வந்து, "பராமரிப்பவர் மெதுவாக இருக்கிறார், இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று நெருக்கினார்கள். தனியாக, அலுத்துப்போய் இருந்த ஒரு பராமரிப்பாளர் அதற்கு இணங்கினார். வெளியிலிருந்து யாராவது உங்கள் பட்டியலில் ஒரு பேரைச் சேர்க்கச் சொல்லி அவசரப்படுத்தினால், அந்த அவசரமே சேர்க்காமல் இருக்கப் போதுமான காரணம்.

4. மாடு விற்றவர்

பேர் சேர்ப்பதை எழுதுகிறவர்கள் நீக்குவதை எழுத மறந்துவிடுவார்கள். அல்லது கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம், நீக்கம் என்று சொல்லாமல் "ஓய்வுப் பட்டியல்" என்று வையுங்கள். பைத்தானில், இரண்டு வருடமாகக் குறிப்பிடத்தக்க பங்களிப்பு எதுவும் செய்யாதவரை நகர்ந்துகொள்ளும்படி கேட்கலாம், பதில் வராவிட்டால் நகர்த்திவிடலாம். லினக்ஸ் கணினிகளுக்கான திரை முகப்பை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளையில் உறுப்பினர் உரிமையே இரண்டு வருடத்துக்குத்தான், வேண்டுமென்றால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் புதுப்பிக்கும் முறைதான் மேல். யாரையும் யாரும் வெளியே தள்ளியதாக ஆகாது.

திரும்பி வருகிறவருக்கு வாசலைச் சுலபமாக வையுங்கள். மாடு வாங்கியவுடன் மறுபடி ஊற்றலாம் என்கிற மாதிரி. பிள்ளை பெற்றவர், வேலை மாறியவர், உடம்பு சரியில்லாதவர் எல்லாம் இதில்தான் வருவார்கள்.

5. ஒரே கம்பெனி, ஒரே கல்லூரி

ஓசூர்-பெங்களூர் சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. ஒரு கம்பெனி உங்கள் மென்பொருளைப் பயன்படுத்த ஆரம்பித்து, தன் ஆட்கள் ஆறு பேரை அதில் வேலை செய்யச் சொன்னால் முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆறு பேரும் உண்மையாக உழைப்பார்கள், எண்ணிக்கை விதியைத் தாண்டுவார்கள், பட்டியலில் வருவார்கள். ஒருநாள் மேலாளர் ஒருவர் எல்லாரையும் ஒரே பக்கம் கை தூக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

2018இல் ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளைத் தேர்தலுக்கு முன்பு, ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த சுமார் நூறு பேர் ஒரே நேரத்தில் உறுப்பினராகப் பதிவு செய்தது பெரிய விவாதமானது. பணம் கட்டினால் உறுப்பினர் என்று மட்டும் இருந்தால் இது நடக்கும். பைத்தானின் ஐவர் குழுவில் ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. குபர்நெட்டீஸில் ஏழு இடம், அங்கேயும் ஒரு நிறுவனத்துக்கு இரண்டுதான் உச்சம். அப்பாச்சியில் ஓட்டு எப்போதும் தனி ஆளுக்குத்தான். கம்பெனி மாறினாலும் ஓட்டு அவரோடு போகும், கம்பெனியிடம் தங்காது.

சிறிய திட்டத்தில் குழுவே இருக்காது, எல்லாரும் நேராக ஓட்டுப் போடுவார்கள். அங்கே நாங்கள் வைத்திருப்பது: ஒரே நிறுவனம் அல்லது ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்களின் ஓட்டு, விழுந்த மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. கணக்குப் போடக் கொஞ்சம் எரிச்சலான விதிதான், ஒப்புக்கொள்கிறேன். இதைவிட நல்லதாக எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

6. தேதி, குறைந்தபட்ச எண்ணிக்கை, ரகசியம்

கேள்வி எழுந்த நாளுக்கு முந்தைய பட்டியல்தான் செல்லும். இந்த ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால் அந்த நான்கு மாதம் வீணாகியிருக்காது. வாக்காளர் பட்டியலை வருடத்துக்கு இரண்டு முறை, குறித்த தேதியில் வெளியிட்டுவிடுங்கள். தைப் பொங்கலுக்கு ஒன்று, ஆடிப் பெருக்குக்கு ஒன்று என்று வைத்தால் யாருக்கும் மறக்காது. ஓட்டெடுப்பு மட்டும் அந்த வாரங்களில் வேண்டாம். ஆடி பதினெட்டு அன்று ஒகேனக்கல்லில் இருப்பவரிடம் ஓட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும்?

எத்தனை பேர் ஓட்டுப் போட்டால் செல்லும் என்பதற்கு டெபியன் வைத்திருக்கும் சூத்திரம் அழகானது. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதைப்போல் மூன்று மடங்கு. ஆயிரம் பேர் இருந்தால் சுமார் 47 பேர் போதும். பெரிய கூட்டத்துக்கு அது சரி. பத்துப் பேர் உள்ள இடத்தில் பாதிப் பேராவது வேண்டும்.

ஆட்களைப் பற்றிய ஓட்டு ரகசியமாக இருக்கட்டும், மற்றவை வெளிப்படையாக இருக்கலாம். டெபியனில்கூட 2022இல் ஓட்டெடுப்பு நடத்தித்தான், பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை வெளியிடும் வழக்கத்தை நிறுத்தினார்கள். கருத்துச் சொன்னவரை வெளியாட்கள் துரத்தித் துரத்தித் திட்டும் காலமாகிவிட்டது.

ஓட்டில்லாதவர் வாயை மூடிவிடாதீர்கள். அப்பாச்சியில் யார் வேண்டுமானாலும் ஆதரவு, எதிர்ப்பு என்று எழுதலாம். பொறுப்பில் உள்ளவர்களின் ஓட்டு மட்டும் எண்ணிக்கையில் சேரும். மென்பொருளின் ஒரு புதிய வெளியீட்டுக்கு அப்படிப்பட்ட ஆதரவு ஓட்டு குறைந்தது மூன்று வேண்டும். மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனம் மாறியவர்கள் உண்டு.

7. எழுதி ரெப்போவில் வையுங்கள்

பேச்சில் ஒப்புக்கொண்டது செல்லாது. எங்கள் கோப்பில் இருப்பதைக் கீழே கொடுக்கிறேன், எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"கடந்த 12 மாதங்களில் குறைந்தது 20 வெவ்வேறு நாட்களில் இந்தத் திட்டத்துக்கு வேலை செய்தவர் ஓட்டுரிமை கேட்கலாம். கோடு, சோதனை, பிழை சொல்வது, மொழிபெயர்ப்பு, புதிய சங்கத்துக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் வேலை. பட்டியலில் உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும். ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். உரிமை இரண்டு வருடத்துக்கு, புதுப்பித்துக்கொள்ளலாம். பட்டியல் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் வெளியாகும்; கேள்வி எழுந்த பிறகு சேர்ந்தவருக்கு அந்தக் கேள்வியில் ஓட்டில்லை. ஓட்டுரிமை இருப்பதாலேயே ரெப்போவில் எழுதும் உரிமை வந்துவிடாது. குரல் பதிவும் ஓட்டுதான்."

கடைசி வரி யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக ஒரு திட்டத்தில் சேரப்போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் முதலில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் "இங்கே யார் முடிவெடுக்கிறார்கள்?" என்று ஒரு இஷ்யூ (ரெப்போவில் கேள்வியோ புகாரோ எழுதும் பதிவு) போட்டுக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். செய்த வேலையை நாள்வாரியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், முன்மொழிகிறவருக்கு உதவும்.

போன வருடம் புதிய விதிப்படி முதல் ஓட்டெடுப்பு நடந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான ஆதரவை எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தவன் நான். அந்தப் பகுதிக் கோடு பழசு, தொட்டாலே எங்காவது உடையும். மலையிலிருந்து பதினொரு வினாடிக் குரல் பதிவு வந்தது: "வேணாம் தம்பி, ரிப்பன் விலை கம்மி, தாள் ஈரமானாலும் எழுத்து நிக்குது." ஐந்துக்கு நான்கில் தோற்றேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, நேற்று ராத்திரி பதினொன்றரை வரை அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.